சுருங்காத துணி

யாரிடம் வேண்டுமானாலும் உடம்பைப் பற்றிப் பொய் சொல்லலாம், டெய்லரிடம் சொல்ல முடியாது. டாக்டரிடம்கூட "இனிப்பையே தொடறதில்லை" என்று சாதித்துவிட்டு வந்துவிடலாம். கழுத்தில் டேப்பைப் போட்டுக்கொண்டு நிற்கிறவள் முன்னால் அந்தப் பருப்பு வேகாது.

அந்தத் தெருவில் எல்லோரும் அவளை டெய்லரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சலவைக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவே, ஒரு மிஷினும் ஒரு இஸ்திரி மேஜையும் போட்டால் ஆள் நிற்க இடமில்லாத கடை. அங்கே வருகிறவர்கள் பாதிப் பேர் நாற்பதைத் தாண்டியவர்கள். புதுசு தைக்க வருவதில்லை, பழசைப் பிரித்துவிடச் சொல்லி வருவார்கள். போன வருஷம் பொத்தான் பூட்டிய பேன்ட் இந்த வருஷம் பூட்டாது. அதைக் கவுன்டரில் வைத்துவிட்டு, திருட்டு முழி முழித்துக்கொண்டு நிற்பார்கள்.

டெய்லரக்கா ஒருவரிடமாவது "சதை போட்டுட்டீங்க" என்று சொன்னதில்லை. "சலவையில துணி சுருங்கிடுச்சு" என்பாள். பேன்ட்டின் பின்பக்க நடுத்தையலில் எப்போதும் கொஞ்சம் துணி மடித்து விடப்பட்டிருக்கும். அதைப் பிரித்து, தேவைக்கு ஒரு விரல் கூடவே தளர்த்தித் தைத்துக் கொடுப்பாள். போட்டுப் பார்க்கிறவர்களுக்கு இளைத்துவிட்ட மாதிரியே இருக்கும். "அக்கா கை ராசி" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். இந்த ஒரு பொய்யில்தான் அந்தக் கடை இத்தனை வருஷம் ஓடியது, யாருக்கும் அதனால் ஒரு நஷ்டமும் இல்லை.

அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். பெரிய கட்டடங்களில் லிஃப்ட் நின்றுபோனால் இருட்டுக் கூண்டுக்குள் இறங்கிக் கம்பியையும் சக்கரத்தையும் சரிபார்க்கிற வேலை. ஐம்பதைத் தாண்டியதிலிருந்து அவருக்கு முன்னால் அவர் வயிறு வீட்டுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. டெய்லரக்காவுக்கு அதில் வருத்தமெல்லாம் இல்லை. சொல்லப்போனால் கடையில் அவளுக்கு அது நல்ல சரக்கு. "எங்க வீட்டுக்காரர் ஏறினா லிஃப்ட்டே பெருமூச்சு விடும்" என்பாள், கடை சிரிக்கும். ஒருநாள் அவரே சாப்பாட்டுப் பையோடு வாசலில் நின்று அதைக் கேட்டார். அவரும் சிரித்தார். சிரித்துவிட்டுப் பையை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

இப்படிப்பட்ட மனிதர் ஒருநாள் சாயங்காலம் சோப்பு வாசனையோடு வீட்டுக்கு வந்தார்.

கல்யாணமான நாளிலிருந்து கிரீஸ் நாற்றத்தோடு வந்தவர். வந்ததும் நேரே குளியலறைக்குப் போகவில்லை என்றால் அவள் நாற்காலியில்கூட உட்கார விடமாட்டாள். அன்றைக்குத் தலை ஈரமாக, படிய வாரிக்கொண்டு, தெரியாத ஒரு சோப்பின் வாசனையில் வந்து உட்கார்ந்தார்.

"எங்க குளிச்சீங்க?"

"கம்பெனியிலதான். கிரீஸ் ஜாஸ்தியா இருந்துச்சு."

"இத்தனை வருஷம் இல்லாத கிரீஸா?"

"புதுசா குழாய் போட்டிருக்காங்க" என்று சொல்லிவிட்டு அவர் டிவியைப் பார்க்க ஆரம்பித்தார். டிவி அணைந்திருந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வந்தது. இரண்டாம் முறை சாப்பாடு போட்டுக்கொள்வதை நிறுத்தினார். காலையில் அவரே முட்டை அவித்து, மஞ்சள் கருவை ஒதுக்கிவிட்டு வெள்ளையை மட்டும் தின்றார். சர்க்கரை இல்லாமல் டீ குடித்து, "இதுதான் நல்லா இருக்கு" என்றார், முகத்தைச் சுளித்துக்கொண்டே. மாடிப்படியில் பாட்டு முனகிக்கொண்டு ஏறினார். டெய்லரக்காவின் கண் சும்மா இருக்குமா? இஸ்திரி போடும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. சட்டையைத் தோள் நிரப்ப ஆரம்பித்திருந்தது, வயிறு காலி செய்ய ஆரம்பித்திருந்தது. வெறுமனே பட்டினி கிடந்து இளைக்கிற உடம்பு இப்படி ஆகாது. யாரோ உட்கார வைத்துச் செதுக்குகிற மாதிரி அது மாறிக்கொண்டிருந்தது.

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமான்னு சொல்வாங்க. உங்களுக்கு மட்டும் வளையுதே, என்ன விஷயம்?" என்று ஒருநாள் சிரித்த மாதிரி கேட்டாள்.

"வேலை ஜாஸ்தி" என்றார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார் என்று அவளுக்குத் தோன்றியது. அதைக் கடையில் வந்து சொன்னது அவள் செய்த முதல் தப்பு. சொன்னதும் பேங்க் மேடத்திடம்.

பேங்க் மேடம் பக்கத்துத் தெரு பேங்கில் வேலை பார்க்கிறவள், மாதம் ஒரு முறையாவது இடுப்பைப் பிரிக்க வருவாள். ஊர் விஷயம் என்றால் பசியைக்கூட மறந்துவிடுவாள். ட்ரையல் திரைக்குப் பின்னாலிருந்தே தலையை நீட்டிச் சொன்னாள்: "அக்கா, ஐம்பதுக்கு மேல ஒரு ஆம்பளை வயித்தைக் குறைக்கிறார்னா, ஒண்ணு டாக்டர் மிரட்டியிருக்கணும், இல்லைன்னா ஒருத்தி சிரிச்சிருக்கணும். உங்க வீட்டுக்காரர் டாக்டர்கிட்ட போனாரா?"

"இல்லை மேடம்."

"அப்ப சரி" என்று சொல்லித் திரையை இழுத்துக்கொண்டாள்.

டெய்லரக்கா வேலைக்குத் திரும்பினாள். அன்று மத்தியானம் முழுக்க ஒரு கோட்டின் கையைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டு, சாயங்காலம் உட்கார்ந்து பிரித்தாள்.

பிறகு போன் வந்தது. அவர் குளியலறையில் இருந்தார், போன் சாப்பாட்டு மேஜையில் கிடந்தது. திரையில் 'மோட்டார் ரூம்' என்று பெயர் வந்தது. கட்டட உச்சியில் லிஃப்ட்டை இழுக்கிற மோட்டார் இருக்கும் அறையாக்கும், அவசரமாக்கும் என்று எடுத்தாள்.

"இன்னைக்கு ஏன் வரலை? காத்துக்கிட்டு இருந்தேன்" என்றது ஒரு பெண் குரல்.

மோட்டாருக்கு ஏது பெண் குரல். டெய்லரக்கா போனை வைத்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் அதே எண்ணிலிருந்து ஒரு மெசேஜ் வந்தது: 'கார்க், நாளைக்கு மறக்காம வந்துடணும்.'

கார்க். அவளே அவரை இத்தனை வருஷமாக 'ஏங்க' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். எவளோ ஒருத்தி செல்லப்பெயரே வைத்துவிட்டாள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஒன்றும் நடக்காதவள் மாதிரி தட்டுகளை எடுத்து வைத்தாள்.

நேராகக் கேட்டுவிட வேண்டியதுதானே என்று நமக்குத் தோன்றும். கேட்டால் பதில் வருமே, அதுதான் பயம். "ஆமா" என்று ஒரு வார்த்தை அவர் சொல்லிவிட்டால் பிறகு அவள் எங்கே போய் நிற்பாள்? மகள் வேறு ஊரில் வேலைக்குப் போய்விட்டாள். வீட்டில் இரண்டே தட்டு, இரண்டே டம்ளர். அவர் இல்லாத வீட்டை அவளால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. அதனால் கேட்கவில்லை, பின்தொடர்ந்தாள்.

மறுநாள் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு, அவர் வேலை முடிந்து இறங்குகிற நிறுத்தத்துக்கு எதிரே நின்றாள். அவர் கம்பெனி உடையோடே இறங்கி வீட்டுக்கு எதிர்ப்பக்கம் நடந்தார். ஒரு பேக்கரிக்கு மேலே மாடியில் உடற்பயிற்சிக்கூடம், தெருவைப் பார்த்தபடி பெரிய கண்ணாடி. அதற்குள் கொஞ்ச நேரத்தில் அவர் அரைக்கால் சட்டையோடு தெரிந்தார். கையில் இரும்புக் கம்பி. அவருக்குப் பின்னால் ஒரு பெண். குட்டையாக வெட்டிய நரைமுடி, நேராக நிற்கிற முதுகு. அவள் ஒரு உள்ளங்கையை அவர் இடுப்பின் பின்பக்கம் வைத்து, ஏதோ சொல்லிக்கொண்டே மெதுவாக அழுத்தினாள். அவர் கம்பியைத் தூக்கினார். அவள் சிரித்தாள்.

அங்கே ஒரு சின்னப் பெண் நின்றிருந்தால் டெய்லரக்கா இவ்வளவு உடைந்திருக்க மாட்டாள். கிழவனுக்குப் புத்தி கெட்டுப்போச்சு, நாலு நாளில் தெளியும் என்று விட்டிருப்பாள். இவளுக்குத் தன் வயதுதான் இருக்கும். அதே வயதில் இப்படியும் ஒரு முதுகு நிற்குமா? பேக்கரிக் கண்ணாடியில் தன் உருவம் தெரிந்தது. ஊரையெல்லாம் அளக்கிறவள், தன்னை அளந்து வருஷக்கணக்காகியிருந்தது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்ளக் கை போயிற்று, போர்த்தினாலும் மறைகிற உடம்பாக இல்லை.

அவருக்குப் பெல்ட் போடுகிற பழக்கம் கிடையாது. "வீட்டுல டெய்லர் இருக்கும்போது பெல்ட் எதுக்கு?" என்பார். பேன்ட் எல்லாம் அவள் தைத்தது, அவள் துவைத்தது, அவள் இஸ்திரி போட்டது. அலமாரியின் அடியில் ஒரு பழுப்பு நிற பேன்ட் கிடந்தது, அவர் ஒல்லியாக இருந்த காலத்தில் தைத்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்வதை அவள் கவனித்தாள். திரும்பி வரும்போது முகத்தில் ஒரு திருட்டுச் சந்தோஷம் இருக்கும். ஒருமுறை தாழ் சரியாக விழாமல் கதவு கொஞ்சம் திறந்திருந்தது. பேன்ட் பூட்டியிருந்தது. பூட்டியது மட்டுமில்லை, பட்டிக்குள் இரண்டு விரலை விட்டு ஆட்டிப் பார்த்துத் தனக்குத்தானே தலையாட்டிக்கொண்டிருந்தார்.

ஓஹோ, இதை வைத்துத்தான் அளவு பார்க்கிறாரா என்று டெய்லரக்கா நினைத்தாள்.

திங்கட்கிழமை மத்தியானம் கடையில் கூட்டமில்லை. பழுப்பு பேன்ட்டைக் கொண்டுபோய்ப் பின்பக்க நடுத்தையலைப் பிரித்தாள். ஊர்க்காரர்களுக்கெல்லாம் வெளியே விடுகிற துணியை இவருக்கு உள்ளே பிடித்தாள். அவர் விட்டு ஆட்டிய இரண்டு விரல் இடமும் போயிற்று. ஒன்றை மட்டும் பிடித்தால் குட்டு உடைந்துவிடும் என்று கம்பெனி பேன்ட்களையும் ஒவ்வொன்றாகப் பிடித்தாள். பழைய நூலின் நிறத்திலேயே நூல் போட்டாள், பட்டியில் பழைய ஊசித் துளையிலேயே ஊசியை ஓட்டினாள். தொழில் என்றால் தொழில். தப்பு என்று அப்போது தோன்றவில்லை. அவர் மனசு விட்டுப்போகட்டும், 'இந்த வயசுல என்ன செஞ்சாலும் குறையாது' என்று தோன்றட்டும், அந்த மாடிக்குப் போவதை நிறுத்தட்டும். அவ்வளவுதான் அவள் வேண்டியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் குளியலறையிலிருந்து வர வெகுநேரம் ஆனது. முகம் தொங்கிப்போயிருந்தது. அவளுக்குக் கொஞ்சம் பாவமாக இருந்தது, கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. சந்தோஷம்தான் அதிகம்.

ஆனால் அவர் நிறுத்தவில்லை. சாப்பாட்டை இன்னும் குறைத்தார். ராத்திரிக்கு வெள்ளரிக்காயும் தண்ணீரும் என்றார். அவள் காய்கறியில் வெண்ணெயை அள்ளிப் போட்டாள், அவர் காய்கறியைத் தண்ணீரில் அலசித் தின்றார். அவ்வளவு ஆசையா அவள்மேல் என்று டெய்லரக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுபடி பின்தையலைப் பிரித்தாள், மறுபடி பிடித்தாள். மடிப்புக்குள் துணி தடித்துக்கொண்டே போயிற்று.

ஒருநாள் அவள் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தபோது அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பழுப்பு பேன்ட்டை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார்.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். இந்தத் துணி சலவையில சுருங்கியிருக்குமா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கடையில் ஆயிரம் பேருக்குச் சொன்ன பதில் நாக்கின் நுனியில் இருந்தது. யார் யாருக்கோ சொன்னதைத் தன் புருஷனுக்குச் சொன்னால் என்ன? அந்த நரைமுடியும் அந்த உள்ளங்கையும் கண் முன்னால் வந்தன.

"இது சுருங்காத துணிங்க. பார்த்துப் பார்த்து எடுத்தது" என்றாள்.

"நீ சொன்னா சரிதான்" என்றார். பேன்ட்டை மடித்து அவளிடமே கொடுத்துவிட்டு எழுந்து போனார்.

அடுத்த வாரம் அவர் கிரீஸ் நாற்றமும் இல்லாமல் சோப்பு வாசனையும் இல்லாமல், வழக்கத்தைவிடச் சீக்கிரமாக வீட்டுக்கு வந்தார்.

"இனிமே ஆபீஸ்லதான் உக்காரப்போறேன். லிஃப்ட் நின்னுபோச்சுன்னு போன் வந்தா எடுத்துப் பேசணும், ஆளை அனுப்பணும். ஏறி இறங்குற வேலையெல்லாம் வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டேன்."

"நல்லதாப்போச்சு, இந்த வயசுல எதுக்கு அந்தக் குழிக்குள்ள இறங்கிக்கிட்டு" என்றாள். பிறகு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, "சாயங்காலம் லேட்டாகுமா?" என்று கேட்டாள்.

"இனிமே எங்கயும் போறதா இல்லை."

அவளுக்கு உள்ளுக்குள் பால் வார்த்தது போல இருந்தது. அந்தப் பேக்கரியிலிருந்தே கேக் வாங்கிவந்தாள், வேண்டுமென்றேதான். அவர் ஒன்றுக்கு இரண்டு துண்டு தின்றார். என்ன தின்கிறோம் என்று பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டே தின்றார். அதையெல்லாம் அவள் அன்றைக்குக் கவனிக்கவில்லை. ஜெயித்துவிட்டோம் என்ற நினைப்பில் அடித்துப்போட்ட மாதிரி தூங்கினாள்.

சில நாள் கழித்து, காலையில் கடையைத் திறந்து மிஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு நிழல் விழுந்தது. நரைமுடி, நேரான முதுகு.

"நீங்கதானே லிஃப்ட் மெக்கானிக் சாரோட மனைவி?"

டெய்லரக்கா எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தாள். என்ன நெஞ்சழுத்தம் இருந்தால் கடைக்கே வருவாள் என்று தோன்றியது. "ஆமா, நான்தான் மனைவி" என்றாள், கடைசி வார்த்தையை அழுத்தி.

"நான் அவருக்குக் கோச். பேக்கரி மாடியில இருக்கிற ஜிம்ல பயிற்சி கொடுக்கிறேன். அவர் வரவே இல்லை, போனும் எடுக்கலை. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருந்தார். ஆனா எனக்கு மனசு கேக்கலை. அவரை ஒரு நல்ல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க."

"எதுக்கு?"

கோச் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள். "இந்த வயசுல எல்லாரும் பண்ற தப்பு, தினமும் எடை மெஷின்ல ஏறி நிக்கிறது. கொழுப்பு குறையும், சதை ஏறும், எடை அப்படியேதான் நிக்கும். மனசு விட்டுடுவாங்க. அதனால நான் யாரையும் மெஷின்ல ஏத்த மாட்டேன், டேப்பும் எடுக்க மாட்டேன். உங்க பழைய பேன்ட் ஒண்ணு வச்சுக்கங்க, அதை மட்டும் நம்புங்கன்னு சொல்வேன். கண்ணாடி பொய் சொல்லும், பேன்ட் சொல்லாது. அவரும் அதைத்தான் நம்பினார். முதல்ல நல்லா தளர்ந்துகிட்டு வந்துச்சு. திடீர்னு நின்னுபோச்சு. நின்னதோட இல்லை, இறுக ஆரம்பிச்சிடுச்சு. கை, கால், தோள் எல்லாம் மாறுது, தூக்குற எடை ஏறுது, இடுப்பு மட்டும் பெருக்குதுன்னா வயித்துக்குள்ள ஏதாவது கட்டியோ தண்ணியோ இருக்கணும். எனக்குப் பயமா இருக்கு."

பேன்ட் ஏன் இறுகியது என்று டெய்லரக்காவுக்குத் தெரியும். ஆனாலும் சந்தேகம் அவ்வளவு லேசில் விடுமா? "கார்க்னு கூப்பிடுவீங்களே, அது என்ன?" என்றாள்.

கோச் முதல் முறையாகத் தயங்கினாள். "அவர் அதைக்கூடச் சொல்லலையா? அது அவங்க கம்பெனியில வச்ச பேரு. லிஃப்ட் பெட்டிக்கு மேல கூரையில ஒரு சின்னக் கதவு இருக்குமாம், ஆள் ஏறி வெளிய வர்றதுக்கு. ஒருநாள் பெட்டி பாதியில நின்னு, உள்ள இருந்த ஆளுங்களோட இவரும் மாட்டிக்கிட்டார். இவர் அந்தக் கதவு வழியா ஏறும்போது வயிறு சிக்கிக்கிச்சு. மேலயும் போக முடியலை, கீழயும் வர முடியலை. உள்ள இருந்தவங்க காலைப் பிடிச்சுத் தள்ள, மேல இருந்தவங்க கையைப் பிடிச்சு இழுக்க, பொத்தானெல்லாம் தெறிச்சு... பாட்டில்ல அடைச்ச கார்க் மாதிரின்னு அன்னைக்கு வச்ச பேரு. அதுக்கப்புறம் மேலதிகாரி, சில மாசம் கழிச்சு ஒரு பரீட்சை வைக்கப்போறேன்னார். அந்தக் கதவு வழியா ஏறி வர்றவங்க வெளி வேலையில இருக்கலாம், முடியாதவங்க போன் மேஜைக்குப் போகணும்னு. என்கிட்ட வந்ததும் அவரே சொன்னார், என்னை அந்தப் பேர்லயே கூப்பிடுங்க, அப்பதான் ரோஷம் வரும்னு."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"நானும் கேட்டேன். சொன்னா மறுநாள் கடையில அதுதான் ஜோக்குன்னார். ஜெயிச்சுட்டு நானே அவகிட்ட சொல்றேன், அவளும் சிரிக்கட்டும்னார்."

மிஷின் மேல் கையை ஊன்றிக்கொண்டு டெய்லரக்கா நின்றாள். கோச் எழுந்தாள். எழுந்தவள், ஆணியில் தொங்கிய ஒரு பேன்ட்டின் பின்பக்கத்தைப் பார்த்தபடி சொன்னாள்: "அவர் கம்பெனி பேன்ட்ல பின் பாக்கெட் ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு நிக்கும். இது என்ன புது ஃபேஷன்னு கேட்டேன். என் வீட்டுக்காரி தைச்சது, அவ கையில தப்பு வராதுன்னு பெருமையா சொன்னார்."

சொல்லிவிட்டு டெய்லரக்காவின் முகத்தைப் பார்த்தாள். பின்தையலை அளவுக்கு மீறிப் பிடித்தால் பாக்கெட்கள் நெருங்கிவிடும், தையல் தெரிந்த எவருக்கும் அது தெரியும். கோச்சுக்குத் தையல் தெரியாது. ஆனால் முகம் படிக்கத் தெரியும். அதற்கு மேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. "டாக்டர் வேண்டாம்னு நினைக்கிறேன்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

சாயங்காலம் அவர் வந்து சாப்பிட உட்கார்ந்தபோது டெய்லரக்கா சொல்லிவிட்டாள். சுற்றி வளைக்கவில்லை. சோப்பு, மோட்டார் ரூம், மாடிக் கண்ணாடி, கத்தரி, ஊசி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். சொல்லும்போது அழவில்லை. அழுதால் அவர் சமாதானப்படுத்துவார், அதற்குத் தனக்கு யோக்கியதை இல்லை என்று இருந்தது.

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். அவர் எழுந்து உள்ளே போய்ப் பழுப்பு பேன்ட்டை எடுத்துவந்து மேஜையில் வைத்தார்.

"பிரி."

அவர் பார்த்துக்கொண்டே இருக்க, அவள் பிரித்தாள். மடிப்புக்குள்ளிருந்து துணி வந்துகொண்டே இருந்தது. பழைய தையல் கோட்டில் நூலோட்டிக் கொடுத்தாள். அவர் அங்கேயே அதைப் போட்டார், பொத்தானைப் பூட்டினார், கையை எடுத்தார். பேன்ட் இடுப்பில் நிற்காமல் நழுவியது. ஒரு கையால் பிடித்துக்கொண்டார். அப்படியே நின்றார்.

"அந்தக் கதவுல போயிருப்பேன்" என்றார். அவளிடம் சொன்ன மாதிரி இல்லை.

"நாளைக்குப் போய் மேலதிகாரிகிட்ட பேசுங்களேன். பரீட்சைக்கு வர்றேன்னு, தப்பா புரிஞ்சுக்கிட்டேன்னு..."

"என் இடத்துக்கு ஆள் போட்டுட்டாங்க. எல்லார் முன்னாடியும் மறுபடி மாட்டிக்கக் கூடாதுன்னுதான் நானே எழுதிக் கொடுத்தேன்." பிறகு, "உன்கிட்ட கேட்டேனே. சுருங்கியிருக்குமான்னு கேட்டேனே" என்றார்.

அவர் சாப்பாட்டைக் கீழே தள்ளவில்லை, வெளியே போகவில்லை. பேன்ட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டே உட்கார்ந்து சாப்பிட்டு முடித்தார்.

அதற்குப் பிறகும் வீட்டில் சண்டை என்று ஒன்றும் நடக்கவில்லை. கேட்டால் பதில் சொன்னார். மகள் போன் செய்தால் சிரித்துப் பேசினார். மறுபடி மாடிக்குப் போக ஆரம்பித்தார், இந்த முறை சொல்லிவிட்டே போனார். ஆனால் அவள் கொண்டுவந்து வைக்கிற தட்டை ஒரு கணம் பார்த்துவிட்டுத்தான் கை வைத்தார். அவள் இஸ்திரி போட்டுக் கொடுத்த சட்டையைத் திருப்பி, தையலை விரலால் ஒருமுறை தடவிவிட்டுப் போட்டார். அவள் பார்க்கிறாள் என்று தெரிந்தால் நிறுத்திவிடுவார். இத்தனை நாள் அவள் உள்ளே புழுவாய் அரித்துக்கொண்டிருந்த சந்தேகம் அங்கிருந்து இறங்கி அவரிடம் குடிபோய்விட்டது. தனக்கு எவ்வளவு வலித்ததென்று அவளுக்குத் தெரியும். அதனால் அவருக்கு எவ்வளவு வலிக்கிறது என்றும் தெரிந்தது, செய்ய ஒன்றும் இல்லை.

ஒருநாள் பேங்க் மேடம் வழக்கம்போல இடுப்பைப் பிரிக்க வந்தாள். கவுன்டரில் பையை வைத்ததும் வைக்காததுமாக ஆரம்பித்தாள்.

"அக்கா, உங்க வீட்டுக்காரரை இப்பதான் பார்த்துட்டு வர்றேன். ஆளே மாறிட்டாரே, அடையாளம் தெரியலை."

"எங்க பார்த்தீங்க?" என்றாள் டெய்லரக்கா. மனசு பழைய பழக்கத்தில் ஒரு முறை துள்ளி அடங்கியது.

"எங்க பேங்குக்குக் கீழ புதுசா ஒரு பொண்ணு தையல் கடை போட்டிருக்கா இல்லை, அங்கதான். ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு நின்னார். அவ டேப்பைச் சுத்தி இடுப்பை அளந்துகிட்டிருந்தா. பக்கத்துல ஒரு மூட்டை பேன்ட், எல்லாத்துக்கும் புதுசா அளவு எடுக்கச் சொல்லிட்டிருந்தார்." பேங்க் மேடம் குரலைத் தணித்துக்கொண்டு, சிரித்தபடி கேட்டாள்: "ஏன்க்கா, வீட்டுல மிஷின் ரிப்பேரா?"

டெய்லரக்கா பையிலிருந்து மேடத்தின் பேன்ட்டை எடுத்து மேஜையில் விரித்தாள். சுருக்கத்தை உள்ளங்கையால் நீவிவிட்டாள்.

"ஆமா மேடம்" என்றாள்.